நாக்கு நைனா என் மாடியில் கட்டிய ஏரி

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை வீட்டுக் கூரைகளை நக்கிப் பார்த்ததில் நாக்கு நைனாவை மிஞ்ச பூமியில் ஆள் கிடையாது.

ஆமாம், நக்கித்தான். ஒழுகும் கூரையை அடைப்பது அவன் தொழில். சீலிங்கில் ஈரம் தெரிந்தால் ஏணி போட்டு ஏறுவான். நாக்கை நீட்டி ஒரே இழுப்பு. கண்ணை மூடி, கல்யாணச் சமையல்காரர் ரசம் பார்ப்பதுபோல் யோசிப்பான். "சோப்பு ருசி. மேல் ஊட்டு பாத்ரூம்" என்பான். "சுண்ணாம்பு கரிக்குது. மய தண்ணி" என்பான். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லேத் பட்டறையில் எடுபிடியாக நுழைந்து, அதே பட்டறையை விலைக்கு வாங்கியவன். கொரட்டூரில் வீடு கட்டியபோது இன்ஜினியரை வாசலில்கூட விடவில்லை. பிளான் நான், மேஸ்திரி நான். "அதனாலதான் ஒழுகுது" என்பாள் என் மனைவி. அவளுக்கு வாய் ஜாஸ்தி.

என் மகளைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். பையனின் அம்மா காபியை வாய்க்குக் கொண்டு போனார். சீலிங்கிலிருந்து ஒரு சொட்டு குறி பார்த்து டம்ளருக்குள் விழுந்தது. சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்து வர இருந்தது மாங்காட்டுப் பையன். இவன் என் மகளே ஆபீசில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன்.

"அப்பா, இவங்கம்மா பல்லி கத்துனாலே பயணத்தை நிறுத்துறவங்க. ஒரு சொட்டு விழுந்துச்சு, என் கல்யாணம் அவ்ளோதான்" என்றாள்.

நைனாவை வரவழைத்தேன். ஏறினான், நக்கினான்.

"தளத்துல விரிசல் கீது நைனா. யாரு கட்னது?"

"நான்தான்யா."

"அதான பாத்தேன்!"

விரிசலைக் கீறி, கலவை அடைத்து, மேலே பூச்சு பூசினான். அதன்பின் பரீட்சை. மாடித் தண்ணீர் வெளியே போகும் குழாயைத் துணியால் அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டினான். என் மனைவி வடகத் தட்டோடு படியேறினாள்.

"அம்மா, கால் வெச்சே, கொல வியும்!"

"என் மாடிடா இது!"

"இப்போ என் ஏரி!"

பிறகு கீழே வந்து ஹாலில் மல்லாந்து படுத்தான். இட்லியைக்கூடப் படுத்தபடியே, சீலிங்கை முறைத்துக்கொண்டே தின்றான்.

பிள்ளை வீட்டார் வரும் நாளன்று காலையிலிருந்து பேய் மழை. நானோ கொடியில் போட்டிருந்த என் பட்டு வேட்டியைக் காணாமல் தேடித் தேடி, கடைசியில் பேண்ட் போட்டுக்கொண்டேன். வந்தவர்கள் காபி குடித்தார்கள். நாங்கள் குடும்பத்தோடு சீலிங்கைப் பார்த்தோம்.

"என்ன, எல்லாரும் மேலயே பாக்கறீங்க?" என்றார் பையனின் அம்மா.

நாங்கள் வாய் திறக்குமுன் சமையலறையில் ஒளிந்திருந்த நைனா வெளியே குதித்தான். "பாத்தியா நைனா! மேல முட்டி வரிக்கும் தண்ணி நிக்குது. ஒரு சொட்டு கீதா?"

"தலைக்கு மேல தண்ணி நிக்குதா?" என்று அலறி, பையனின் அப்பா வாசலுக்கு ஓடினார். கூரை இடிந்துவிடும் என்று பயம். அப்போதுதான் நைனாவுக்குக் குழாய் அடைப்பை எடுக்க மறந்தது உறைத்தது. மாடிக்குப் பாய்ந்தான். துணி கையால் இழுக்க வரவில்லை. விட்டான் ஒரு உதை.

பையனின் அப்பா ஓடிப்போய் நின்ற இடம் சரியாக அந்தக் குழாயின் கீழே. ஏரி மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. கூடவே அடைப்புத் துணி பறந்து வந்து, பொன்னாடை போர்த்தியதுபோல் அவர் தோளில் விழுந்தது. சரிகைக் கரை போட்ட என் பட்டு வேட்டி!

"பட்டுன்னாத்தான் நைனா டைட்டா நிக்கும்!" என்று மாடியிலிருந்து விளக்கம் வேறு.

எனக்கு மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பையனின் அம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சம்பந்திக்குப் போடுற பட்டு வேட்டி தானா வந்து விழுந்திருக்கு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? தட்டை மாத்துங்க!"

இன்று பேரன் அந்த ஹாலில் பந்து விளையாடுகிறான். அதன்பிறகு ஒரு சொட்டு ஒழுகியதில்லை. இருந்தாலும் ஐப்பசியில் மேகம் கூடினால் நான் நைனாவுக்குப் போன் போடுவேன்: "ஹால்ல ஈரம் தெரியுதுய்யா."

ஏணியோடு வருவான். ஏறுவான். சுக்காகக் காய்ந்து கிடக்கும் சீலிங்கை ஒரு இழுப்பு நக்கிவிட்டு, கண்ணை மூடி யோசிப்பான்.

"ஆமா நைனா, லேசா கீது. நாளைக்கும் வந்து பாத்துடறேன்."