வேல்ஸ் கோட்டைக்கு யானை போன வழி

கோட்டையைப் பார்த்தவர் வியந்து நிற்பார், பார்க்காதவர்தாம் முழங்குவார். நான் முழங்கியவன்.

எண்பதுகளின் இறுதியில், தாம்பரத்துக் கல்லூரி மாணவனாகிய எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்: செஞ்சிக் கோட்டை. தலைப்பு நட்பாயினும் நதியாயினும், மூன்றாம் நிமிடத்தில் செஞ்சிக்குள் புகுந்துவிடுவேன். முற்றுகை, யானைப்படை, தீப்பாய்ந்த அரசி, கைதட்டல். இப்படியே இரண்டாண்டு சுழற்கோப்பையை வென்றிருந்தேன். மூன்றாம் முறையும் வென்றால் கோப்பை கல்லூரிக்கே சொந்தம்.

சேலையூரில் இறுதிப்போட்டி. தலைப்பு, 'கோட்டைகள்'. (என் ஜாதகத்தைப் பார்த்துத்தான் வைத்தார்களோ?) ஆனால் எனக்கு முன் பேசிய குரோம்பேட்டை மாணவி செஞ்சியை முழுதாகக் கைப்பற்றிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த நண்பன் ஜெபராஜ் புத்தகத்துக்குள் அடையாளமாக ஒரு பட அஞ்சலட்டை வைத்திருந்தான். கடல் நடுவே ஒரு கல்கோட்டை. வேல்ஸ் நாட்டில் இருக்கிறதாம். அவன் தேவாலயச் சபையில் ஒரு டீச்சர் போய்வந்து கொடுத்தாராம்.

"மச்சான், அந்த டீச்சர்தான் இன்னைக்கு..." என்று அவன் தொடங்குவதற்குள் நான் மேடையில் நின்றேன்.

பெயரை மட்டும் மாற்றினேன். வேல்ஸ் கோட்டையின் கதவை நாற்பது யானைகள் முட்டின. அரசி தீப்பாய்ந்தாள். அரங்கம் அதிர்ந்தது.

நடுவர் அம்மையார் ஒலிபெருக்கியை வாங்கினார். "நல்லா பேசினீங்க தம்பி. ஒரே ஒரு சந்தேகம். போன வருஷம் அந்தக் கோட்டையில அஞ்சு நாள் தங்கினேன். தண்ணி வடிஞ்சாதான் நடந்தே போக முடியும். யானை எப்படிப் போச்சு?"

என் வாய் என்னைக் கேளாமலே விடையளித்தது: "நீர் வடியும்வரை காத்திருந்தன, அம்மா."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் படையெடுப்பார் என்றஞ்சிக் கட்டியது அது என்றும், அவர்கள் வரவே இல்லை என்றும், ஒரு குண்டுகூட வெடிக்காத அந்தக் கோட்டையை இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்றும் அவர் விளக்கினார்.

மானமுள்ளவன் அப்போதே இறங்கியிருப்பான். எனக்கோ ஆவல் பற்றிக்கொண்டது. எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். பீரங்கி இருந்த அறையில். சுவரே கட்டிலளவு தடிமனாம். சமையல்? அரிசி, பருப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு கடல் ஏறுமுன் உள்ளே போய்விட வேண்டுமாம். அவர் புளியை மறந்துவிட்டதால் ஐந்து நாளும் ரசமில்லை. ஜன்னல் வழியே என்ன தெரியும் என்று நான் கேட்கையில், நேரம் முடிந்ததென்று இரண்டாம் மணி அடித்தது. மனப்பாடம் செய்யாமல் மேடையில் நான் பேசிய முதல் சொற்கள் அவைதாம். அவற்றுக்கு மதிப்பெண் இல்லை.

கோப்பை குரோம்பேட்டைக்குப் போயிற்று. கதையை ஜெபராஜ், என் திருமணத்தன்றே, மணப்பெண்ணிடம் ஒப்படைத்தான்.

இன்று ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு. நல்ல மழை பெய்தால் முழங்காலளவு நீர் நிற்கும். நான் குடையோடு வாசலை அடைந்தால் உள்ளிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"தண்ணி வடியட்டுங்க. நாற்பது யானையே காத்துக்கிட்டு நின்னுச்சாம், உங்களுக்கென்ன அவசரம்?"