தலைவர் இறங்கட்டும்

வாராவாரம் நிற்கிற காபிக் கடை வாசலில் வண்டி நின்றுவிட்டது. சைடு ஸ்டாண்டு போட்டாகிவிட்டது. சாவியையும் திருப்பியாகிவிட்டது. இனி வலது காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு இறங்க வேண்டியதுதான் பாக்கி. ஆடிட்டர் வலது காலுக்கு உத்தரவு போட்டார். கால் கேட்கவில்லை. மறுபடியும் போட்டார். இடுப்புக்குள் யாரோ ஸ்பானரை விட்டு ஒரு திருகு திருகினாற்போல் இருந்தது. அதற்கப்புறம் முதுகும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

நிமிரவும் முடியவில்லை. அது பந்தய வண்டி. ஹேண்டில்பார் எங்கோ கீழே இருக்கும், கால் வைக்கிற இடம் எங்கோ பின்னால் இருக்கும், நடுவில் உள்ள மனிதன் டேங்க் மேல் குப்புறக் கவிழ்ந்துதான் ஓட்ட வேண்டும். இருபது வயசுக்காரர்களின் முதுகெலும்பை நம்பிச் செய்த வண்டி. அதில் ஐம்பத்துமூன்று வயசில், தொப்பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தால் வேறென்ன ஆகும்?

பின்னால் ஐந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. ஒருவரும் இறங்கவில்லை.

“தலைவர் இறங்கட்டும்” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பல் டாக்டரின் குரல் கேட்டது. ஆறு ஹெல்மெட்டுகளிலும் பேசும் கருவி உண்டு. ஒருவர் தும்மினால் ஆறு பேர் காதும் அடைத்துக்கொள்ளும்.

தலைவர் என்றால் சாட்சாத் ஆடிட்டர்தான். பதவிக்கு வந்து இன்றுதான் முதல் பயணம்.

‘புயல் படை’ என்பது அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர். படையில் ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், இரும்புக் கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், அவருடைய மைத்துனர், கடைசியாகச் சேர்ந்த ஆடிட்டர். ஆடிட்டர் தவிர எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். வண்டிகள் கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறைத் தொடும். ஆனால் படையின் வேகம் ஐம்பதைத் தாண்டினால் பேராசிரியருக்குத் தலை சுற்றும். அதனால் காய்கறி வேன்களும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப்போகும் ஸ்கூட்டர்களும் புயலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். உடம்பை இறுக்கும் தோல் உடுப்பு வேறு. மூச்சை உள்ளே இழுத்தால்தான் ஜிப் ஏறும், ஏறினபின் மூச்சை வெளியே விடவும் வழியில்லை.

இவ்வளவு கூத்துக்கும் படையில் ஒரு மரபு உண்டு. வண்டி நின்றதும் முதலில் தலைவர் இறங்க வேண்டும். பிறகு அவர் ஒவ்வொரு வண்டியாகப் போய், வலது கையால் அவரவர் கையைப் பற்றி, இடது கையால் தோளோடு அணைத்து, மரியாதையுடன் இறங்கச் செய்ய வேண்டும். இதற்குக் கைமரியாதை என்று பெயர். கைமரியாதை ஆகாமல் யாரும் தரையில் கால் வைப்பதில்லை. பார்க்கிறவர்களுக்கு ராஜாக்கள் யானையிலிருந்து இறங்குவது போல இருக்கும் என்பது படையின் எண்ணம். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் விசாரித்ததில்லை.

ஆடிட்டர் சேர்ந்த முதல் நாள் ஒரு வளைவில், அப்போது தலைவராக இருந்த பல் டாக்டரையே முந்திவிட்டார். போதாததற்கு, மரபு தெரியாமல் எல்லோருக்கும் முன்னால் தொப்பென்று குதித்து இறங்கியும்விட்டார். திட்டப் போகிறார்கள் என்று நடுங்கினார். யாரும் திட்டவில்லை. ஐந்து பேரும் அவரையே வாய் பிளந்து பார்த்தார்கள். மறு வாரமே பல் டாக்டர், “வயசாச்சு, இனிமே இளைஞர்கள் வழி நடத்தட்டும்” என்று பதவியைத் தூக்கி ஆடிட்டர் தலையில் வைத்தார். ஐம்பத்துமூன்று வயசில் தன்னை இளைஞன் என்று ஒருவர் சொன்னதும் ஆடிட்டர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொள்ளாமல் பின்னே? வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கைக்கு வராது. ஆபீசில் அவர் போட்ட கணக்கை இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது. அது போட்டது சரியா என்று அவர் பார்க்கிறார், அது எப்போதும் சரியாகவே போட்டுவிடுகிறது. உலகத்தில் அவரை யாராவது எதற்காவது எதிர்பார்க்கிறார்கள் என்றால் அது இந்தப் படையில்தான். அந்த வளைவு கொடுத்த பதவி. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தால் இன்றைக்கே பறிபோய்விடும்.

“என்ன தலைவரே, இறங்கலையா?” என்றார் வக்கீல். அவருக்குச் சர்க்கரை. வண்டி நின்றதும் பாத்ரூமுக்கு ஓடியாக வேண்டும்.

“இருங்க, இன்ஜின்ல ஏதோ சத்தம். காது வெச்சுக் கேட்டுட்டு இருக்கேன்” என்றார் ஆடிட்டர், டேங்க் மேல் கன்னத்தை வைத்தபடி.

“இன்ஜினைத்தான் நிறுத்திட்டீங்களே.”

“நிறுத்தினப்புறம் வர்ற சத்தம்தான்யா ஆபத்து.”

இதில் என்ன ஞானம் இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. புரியாததால் ஒப்புக்கொண்டார்கள். இரும்புக் கடைக்காரர் மட்டும், “என் வண்டியில அடிக்கடி வரும் தலைவரே. அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போயிடும்” என்றார்.

ஆடிட்டர் காத்திருந்தார். வந்தது போகவில்லை. வெயில் ஏறியது. தோல் உடுப்புக்குள் வேர்வை வழிந்து பூட்ஸுக்குள் இறங்கியது. பின்னாலிருந்து வக்கீல் வண்டி மேலேயே நெளிகிற சத்தம் ஹெல்மெட்டில் தெளிவாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். ஹெல்மெட்டிலேயே பேசுகிற வசதி என்பதால் போனை எடுக்கக் கை தேவையில்லை, காதோரம் உள்ள பொத்தானைத் தட்டினால் போதும். போனை நிறுத்தத்தான் ஆடிட்டர் தட்டினார். பதற்றத்தில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்துத் தட்டிவிட்டார். மனைவியின் குரல் ஆறு ஹெல்மெட்டுக்குள்ளும் கணீரென்று ஒலித்தது.

“போய்ச் சேர்ந்தாச்சா? இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கிட்டுப் போனீங்களா இல்லையா? கட்டில் மேலேயே கிடக்குதே! தைலத்தையாவது பைக்குள்ள வெச்சேன், பார்த்தீங்களா? குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, இதுல உங்களுக்கு ரேஸ் வண்டி ஒரு கேடு!”

“அப்புறம் பேசறேன்” என்று ஆடிட்டர் மூச்சுக்கு நடுவே சொல்லி, எல்லாப் பொத்தான்களையும் தட்டி, ஒரு வழியாக அவளை அடக்கினார்.



“பெல்ட்டுன்னு சொன்னது வண்டியோட பெல்ட்டை” என்றார் ஆடிட்டர். “தைலமும் வண்டிக்குத்தான். செயினுக்குப் போடுவேன்.”

“செருப்பு?” என்றார் வக்கீல்.

“அதுவும்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் மட்டும் மெல்லிய குரலில், “என்ன தைலம்னு சொல்லுங்களேன்” என்று கேட்டார். செயினைப் பற்றி அவருக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று ஆடிட்டர் எதிர்பார்க்கவில்லை.

இனி தாமதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆடிட்டர் மூளையைக் கசக்கினார். தலைவராக இருப்பதில் ஒரு வசதி உண்டு: முடியாததைக் கொள்கை என்று அறிவித்துவிடலாம்.

“படையினரே!” என்றார் டேங்கைப் பார்த்துக்கொண்டே. “யோசிச்சுப் பார்த்தேன். வண்டியை விட்டு இறங்கி நாற்காலியில உட்கார்ந்து காபி குடிக்கிறவன் பயணி. நாம யாரு? வீரர்கள்! இன்னையிலேர்ந்து காபி வண்டி மேலதான்!”

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தார். யாரோ தொண்டைக்குள் ஓலமிட்டது போல ஒரு சத்தம்தான் வந்தது. அது வக்கீலாக இருக்கலாம்.

காபிக் கடை அம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள். கனத்த உடம்பு, கையில் துடைக்கிற துணி. “ஏன் எல்லாரும் அங்கேயே இருக்கீங்க? உள்ள மேஜை போட்டிருக்கே” என்றாள்.

“இங்கேயே கொண்டு வாம்மா” என்றார் ஆடிட்டர்.

கொண்டு வந்து கொடுத்தாள். மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ஆடிட்டரால் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகவும் முடியவில்லை. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளி, ஸ்ட்ரா ஒன்று வேண்டும் என்றார். கொதிக்கிற காபியை ஸ்ட்ராவில் உறிஞ்சிய முதல் தலைவர் உலகத்திலேயே அவராகத்தான் இருக்க வேண்டும். நாக்கு வெந்துபோனது. உதறியதில் கோப்பை சாய்ந்து, மிச்ச காபி டேங்க் வழியாக வழிந்து நேராக மடியில் போய்த் தங்கியது. துள்ளிக் குதித்திருக்க வேண்டிய மனிதர், குதிக்க முடியாமல், “ஹா!” என்று மட்டும் சொன்னார்.

“நல்லா இருக்கா தலைவரே?” என்றார் இரும்புக் கடைக்காரர்.

“பிரமாதம்” என்றார் ஆடிட்டர், கண்ணில் நீர் முட்ட.

வக்கீல் இப்போது உட்கார்ந்த இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டியும் கூடவே ஆடியது. “தலைவரே, அவசரம்... சீக்கிரம் இறங்கி வாங்க... கைமரியாதை...” என்று பல்லைக் கடித்தார்.

ஆடிட்டருக்கு மனசு கேட்கவில்லை. தலைவன் என்றால் விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும். இவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டால் தனியாக உருண்டு விழுந்தாவது இறங்கிவிடலாம் என்ற கணக்கும் உள்ளுக்குள் ஓடியது.

“இன்னைக்கு ஒரு நாள் மரபை ரத்து பண்றேன்” என்றார். “கைமரியாதை வேண்டாம். நீங்க எல்லாரும் தாராளமா இறங்கிப் போங்க. எனக்காகப் பார்க்காதீங்க.”

ஒருவரும் அசையவில்லை.

“வக்கீல் சார், போங்க. உங்களுக்குத்தானே அவசரம்?”

“நீங்க இறங்காம நானா? மாட்டேன்” என்றார் வக்கீல். அவர் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது.

“டாக்டர்?”

“மரபு மரபுதான்” என்றார் பல் டாக்டர், எங்கோ பார்த்துக்கொண்டு.

“ஒருத்தர்கூடவா இறங்க மாட்டீங்க?”

“நீங்க வந்து கை கொடுத்தாத்தான் தலைவரே” என்றார் பேராசிரியர். அவருடைய மைத்துனர் தலையை மட்டும் ஆட்டினார். பேராசிரியரின் குரல் தழுதழுத்தது போல இருந்தது.

ஆடிட்டர் நெகிழ்ந்துபோனார். பெற்ற மகள், சாப்பாட்டு மேஜையில் அவர் வந்து உட்காரும்வரை ஒரு வாய் சோற்றுக்குக் காத்திருந்ததில்லை. இங்கே ஒரு மனிதர், சிறுநீர்ப்பை வெடிக்கிற நிலையிலும், தலைவருக்கு முன் இறங்க மாட்டேன் என்கிறார். ஒரே ஒரு வளைவில் முந்தியதற்கு இத்தனை விசுவாசமா! இவர்களுக்காக உயிரைக் கொடுக்கலாம். உயிரைக் கொடுப்பதென்றால் படுத்தபடியே கொடுத்துவிடலாம், கையைக் கொடுக்கத்தான் எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

அந்த உணர்ச்சி வேகத்தில் ஒரு கடைசி முயற்சி செய்தார். பல்லைக் கடித்து, ஹேண்டில்பாரை அழுத்தி, எம்பினார். முழங்கை நேராக ஹாரன் மேல் போய் விழுந்தது. அழுத்திய கையை எடுக்க வரவில்லை. ஹாரன் விடாமல் அலறியது. தெருவில் போன கார் ஒன்று நின்று பார்த்தது. பக்கத்து டயர் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒருவன் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தான். பந்தய உடுப்பில் ஆறு கிழவர்கள் வரிசையாக வண்டி மேல் உட்கார்ந்திருக்க, முதலாமவர் ஹாரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்.

“போர் முழக்கமா தலைவரே?” என்று கத்தினார் இரும்புக் கடைக்காரர்.

“ஆமா!” என்று கத்தினார் ஆடிட்டர். வேறென்ன சொல்வது?

சத்தம் தாங்காமல் காபிக் கடை அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கி நகர்த்தி வைத்தாள். ஹாரன் நின்றது. உலகம் அமைதியானது.

இனி வேறு வழியில்லை. மானம் கொஞ்சமாகப் போவதா, மொத்தமாகப் போவதா என்பதுதான் கேள்வி. மற்றவர்கள் கழற்றி வைத்த ஹெல்மெட்டுகளில் கேட்டுவிடாதபடி ஆடிட்டர் பேச்சுப் பொத்தானைக் கவனமாக அணைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். “அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சத்தம் போடாதீங்க. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அவங்களுக்குத் தெரியாம, சும்மா பேசிட்டு நிற்கிற மாதிரி நின்னு, மெதுவா என்னை இழுத்து இறக்கி விட்டுடுங்க. தெரிஞ்சா என் தலைவர் பதவி போயிடும்.”

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, வண்டி மேல் அசையாமல் வீற்றிருந்த மற்ற ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தாள். துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் கை வைத்தாள்.

“அட கடவுளே, உங்களுக்கும் பிடிச்சுக்கிச்சா? அவங்க அஞ்சு பேரையும் வாராவாரம் இழுத்து இறக்கிவிட ஒரு ஆள் வேணும்னுதானே சார் உங்களைத் தலைவராக்கினாங்க!”