தலையில்லாத படம்

முதல் நாள் பார்த்த படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே அந்தோனியம்மா தேயிலைக் கொழுந்து பறித்தாள். கதாநாயகன் அழுகிற இடம் வந்ததும் பக்கத்து நிரையிலிருந்து ஜோசப்பின் கேட்டாள்.

"அவன் எதுக்கு அழுறான்?"

"ஆரம்பத்துல ஏதாவது நடந்திருக்கும்."

"கேட்டியாடி பூரணி? தலையில்லாத படத்தப் பாத்துட்டு வந்து கதை சொல்றா."

பூரணியோடு மலையே சிரித்தது. ஜோசப்பினின் அண்ணன் வீடு ஹட்டனில், தியேட்டருக்குப் பின்னால்; லீவு நாளில் அங்கே தங்கி, நேரத்தோடு போய் உட்காருவாள். படம் ஆறு மணிக்கு. அந்தோனியம்மா வேலை முடிந்து, கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, பஸ் பிடித்து, இருட்டில் தடவி உட்காரும்போது ஆறரை.

"ஆரம்பத்தப் பாக்காம இனி நான் கதைசொல்ல வாயத் தொறக்கமாட்டேன்," என்றாள்.

அடுத்த படம் வந்தது. கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை சிவசாமியிடம் போனாள்.

"ஐயா, இன்னைக்கு என் கூடைய முதல்ல நிறுத்துடுங்க."

"ஏன், தொரை காரு அனுப்பியிருக்காரோ?"

சிவசாமி அவள் கூடையைக் கடைசியில் நிறுத்தார். அவள் தியேட்டருக்குள் நுழைந்தபோது இடைவேளை.

அதற்கடுத்த படத்துக்கு வயிற்றுவலி என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். டாக்டரையா அரைநாள் லீவு கொடுத்தார். ஒரு கிளாஸ் விளக்கெண்ணெயும் கொடுத்தார். அதை அவர் கண்முன்னாலேயே குடிக்க வேண்டியிருந்தது.

தியேட்டரில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. விளக்கெண்ணெய் வேலை செய்தது. ஓடினாள். திரும்பி வந்தபோது கதாநாயகன் ஜெயிலில் இருந்தான்.

"எதுக்கு ஜெயிலுன்னு ஆரம்பத்துலயே தெளிவா காட்டுறாங்களே," என்றாள் ஜோசப்பின் மறுநாள்.

"என்ன காட்டுறாங்க? சொல்லேன்."

"அதெல்லாம் பாத்தாத்தான் புரியும்."

அடுத்த படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். அன்று வேலையில்லை, தோட்டத்துப் பக்கம் பஸ்ஸும் இல்லை. அந்தோனியம்மா எட்டு மைல் மழையில் நடந்தாள். விளக்கெண்ணெயின் ஞாபகத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஐந்தரைக்கே போய் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. பெயர்கள் வரவில்லை. பாட்டு வரவில்லை. கதாநாயகன் ஆற்றங்கரையில் அழுதுகொண்டிருந்தான்.

அந்தோனியம்மா எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா, மறைக்குது," என்றது ஒரு குரல்.

"எதுக்கு அழுறான்னு தெரியாம நான் எப்படி அவன்கூட அழுறது? உக்காரமாட்டேன்."

படியேறிப் போய் ஆபரேட்டர் லியனார்டின் கதவைத் தள்ளினாள்.

"ஆரம்பம் எங்க தம்பி?"

அவன் கண் தரையிலிருந்த ஒரு தகர ரீல் டப்பாவுக்குப் போனது. திறக்காத டப்பா. அந்தோனியம்மா அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இதப் போடாம நான் எந்திரிக்கமாட்டேன். முழுப் படத்துக்குத்தான் டிக்கெட்டு வாங்கியிருக்கேன்."

லியனார்ட் தலையைச் சொறிந்தான்.

"கடைசி பஸ்ஸுக்கு முந்தி படம் முடியணும்னு மொதலாளி மூணு வருஷமா முதல் ரீலப் போட விடுறதில்லக்கா. அது எங்கன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். ஒரு படம் விடாம முன்னாடியே வந்து உக்கார்ற உங்க தோட்டத்து ஜோசப்பின் அக்காகூட ஒருநாளும் கேட்டதில்ல."