பஸ் இண்டைக்கு வேண்டாம்

கசுனின் ஒரு செருப்பு மாமரத்தில் தொங்கியது. மற்றது மண்டபத்துக் கூரையில் கிடந்தது.

"ஆர் எறிஞ்சது?" என்று உதயகலா கேட்டாள்.

"நான்தான் ரீச்சர்," என்றாள் நிரோஜா. அவள் மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

உதயகலாவுக்குத் தலையை வலித்தது. நாடகப் பட்டறைக்கு அன்றுதான் கடைசி நாள். பின்னேரம் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். உரும்பிராய், அளவெட்டிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள், அனுராதபுரத்துச் சிங்களப் பிள்ளைகள், புத்தளத்து முஸ்லிம் பிள்ளைகள் என்று எல்லாரையும் இணுவில் சனசமூக நிலையத்தில் ஒன்றாக இருத்துவதற்கு அவள் இரண்டு வருடம் நாயாய் அலைந்திருந்தாள். அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது கண்ட சிங்கள முகங்கள் எல்லாம் இரும்புத் தொப்பிக்குக் கீழேதான் இருந்தன. இந்தப் பிள்ளைகளுக்காவது அது வேறு மாதிரி இருக்கட்டும் என்று நினைத்திருந்தாள்.

நாடகம் சரிவரவில்லை. மேடையில் ஏற்றினால் எல்லாரும் லைற் கம்பம் மாதிரி நின்றார்கள். "கோவம் எண்டால் உள்ளுக்கிருந்து வரவேணும் பிள்ளையள்," என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செருப்பு மாமரத்தில் தொங்குவதை எப்படிப் பொறுப்பது?

"ஏன் எறிஞ்சனி?"

"நான் பாடேக்கை அவர் காதைப் பொத்தினவர்."

கசுன் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னான். நெஞ்சில் கைவைத்தான். வானத்தைக் காட்டினான். உதயகலாவுக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் ரிக்கற் எடுக்க மட்டுமே காணும். புத்தளத்து ரிஸ்னாவுக்கோ இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. பட்டறைக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

"என்னவாம் ரிஸ்னா?"

"மன்னிப்புக் கேக்க ஏலாதாம் டீச்சர்."

"இவ்வளவு நேரம் கதைச்சது அவ்வளவுதானோ?"

"மிச்சத்த நான் சொல்ல விரும்பல்ல டீச்சர்."

உதயகலா நிமிர்ந்து நின்றாள். "உந்தக் கோவத்தோடை ஒருத்தரையும் நான் வீட்டை அனுப்பமாட்டன். நீங்கள் ராசியாகும் மட்டும் இஞ்சைதான்."

ரிஸ்னா அதை மொழிபெயர்த்தாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பெற்றோர்கள் ஒருவாறு சம்மதித்தார்கள். மண்டபத்துக்குப் பொறுப்பான கனகசபாபதி, "நாளைக்கும் எடுங்கோ. ஆனால் கூரையிலை செருப்புக் கிடக்கக்கூடாது," என்றார். பஸ்காரர் ஜெயரூபன்தான் முணுமுணுத்தார்.

"இதென்ன ரீச்சர், வெளிக்கிட்டு நிக்கேக்கை சொல்லுறியள். முதலே ஆரும் ஒரு சொல்லுச் சொன்னால் நான் வேறை ஓட்டம் பாப்பனெல்லே?"

அடுத்த நாள் உதயகலா கண்ணாடிப் பயிற்சியோடு தொடங்கினாள். இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூச்சுக்கூட ஒன்றாகிவிடும். அப்படி எத்தனையோ பகை கரைந்ததை அவள் கண்டிருக்கிறாள்.

கசுன் முகத்தைச் சுளித்தான். நிரோஜாவும் சுளித்தாள். அவன் கையைக் கட்டினான். அவளும் கட்டினாள். அவன் திரும்பி முதுகைக் காட்டினான். அவளும் திரும்பினாள். இருவரும் முதுகோடு முதுகாக நின்றார்கள். பயிற்சி விதிப்படி அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

சேர்ந்து நின்று சமைத்தால் மனம் இளகும் என்று அடுத்ததாக யோசித்தாள். புட்டும் சம்பலும் செய்யச் சொல்லிவிட்டு வெளியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் நிரோஜா தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ரீச்சர், மணந்து பாருங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

சம்பலுக்குள் மாசிக் கருவாடு இடிபட்டுக் கிடந்தது. தமிழ்ப் பிள்ளைகள் எழும்பி மரத்தடிக்குப் போனார்கள். சிங்களப் பிள்ளைகள் உள்ளேயே இருந்தார்கள். புத்தளத்துப் பிள்ளைகள் வாசற்படியில் நின்று, இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்துக் கோபத்தை இந்தப் பக்கத்துக்கும் கடத்தினார்கள்.

"மாசி இல்லாட்டி அது சம்பலே இல்லையாம்," என்றாள் ரிஸ்னா. "நிரோஜா சொல்றா, மாசி இருந்தா அது சாப்பாடே இல்லையாம். நான் என்னத்த டீச்சர் செய்ய?"

ஊர் தெரியாத பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை இணுவிலில் மாசி எங்கே அகப்பட்டது என்று கேட்க உதயகலாவுக்குத் தோன்றவில்லை. இரண்டு கிறீம் கிறேக்கர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டு ஜெயரூபனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, கோவியாதேங்கோ. இண்டைக்கும்..."

"பஸ் வேண்டாம் என்ன ரீச்சர்? பிரச்சினையில்லை. நான் வேறை ஓட்டத்திலை நிக்கிறன். நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ."

நேற்று முணுமுணுத்த மனிதன் ஒரே நாளில் இப்படி மாறுவாரா? உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். தன்னுடைய பட்டறைக்குள்தான் ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை அவள் கையில் இருந்த கடைசி வித்தையை எடுத்தாள். நடந்த சண்டையையே ஒரு சிறு நாடகமாக்கினாள். அதில் நிரோஜாவாகக் கசுன் நடிக்க வேண்டும். கசுனாக நிரோஜா நடிக்க வேண்டும். மற்றவரின் நோவு அப்போதுதானே விளங்கும்.

கசுன் தாவணி கட்டிப் பாடினான். நிரோஜா காதைப் பொத்தினாள். அவ்வளவுதான். உரும்பிராய்ப் பெடியன்கள் கசுனுக்காக எழும்பினார்கள். அனுராதபுரத்துப் பெட்டைகள் நிரோஜாவுக்காக எழும்பினார்கள். புத்தளத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கதிரை கவிழ்ந்தது. யார் யாருக்காகக் கத்துகிறார்கள் என்றே உதயகலாவுக்குப் பிடிபடவில்லை. மேடையில் லைற் கம்பமாக நின்றதுகள் இப்போது கண் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க நின்றன.

"காணும்," என்றாள்.

அவள் கத்தவில்லை. கட்டிய தொண்டையில் அந்தச் சொல் பாதிதான் வந்தது. ஆனால் மண்டபம் அடங்கிவிட்டது.

"உங்களுக்கு நாடகம் பழக்கத்தான் கூப்பிட்டனான். ஒருத்தருக்கும் நடிக்க வரேல்லை. அது பரவாயில்லை, எல்லாருக்கும் வரவேணும் எண்டில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்கள் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சு கொண்டு போகவேணும் எண்டதுதான் என்ரை ஆசை. நான் கூப்பிடாமல் விட்டிருந்தால் நீங்கள் இப்பிடிப் பகைச்சிருக்கவும் மாட்டியள். பிழை என்ரைதான். உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. பெட்டியளைக் கட்டுங்கோ."

ரிஸ்னா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அவள் தொடங்குமுன்பே கசுனின் தலை குனிந்தது. நிரோஜாவின் கண்கள் நிறைந்தன. அவள் ஏதோ சொல்ல முன்னுக்கு வர, ரிஸ்னா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

கசுன் ஒரு கோப்பைச் சுடுதண்ணீரைக் கொண்டுவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த உதயகலாவிடம் நீட்டினான்.

"ரீச்சர், அழாதேங்கோ. தொண்டைக்குக் கூடாது," என்றான்.

தமிழ் தெரியாத பிள்ளைக்கு 'அழாதேங்கோ' என்று அச்சொட்டாக யார் பழக்கினார்கள் என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. இந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் இன்றைக்கு அனுப்பப் போகிறோம் என்ற எண்ணம்தான் வந்தது. தண்ணீரை வாங்கிக் குடித்தாள். படலையடிக்குப் போய் நின்று போன் எடுத்தாள்.

"தம்பி ஜெயரூபன், பஸ்ஸைக் கொண்டு வாங்கோ."

"இப்பவோ?"

"ஓம், இப்பவே. இருட்டுக்கு முன்னம் பிள்ளையள் வெளிக்கிடவேணும்."



"ரீச்சர், சண்டை முடிஞ்சுதோ?"

"இல்லைத் தம்பி. முடியாது. நான் கைவிட்டிட்டன்."

"ஐயோ ரீச்சர், நான் பஸ்ஸோடை சாவகச்சேரியிலை ஒரு கலியாண ஓட்டத்திலையெல்லே நிக்கிறன்," என்றார் ஜெயரூபன். "நிரோஜாவும் அந்தக் கசுன் தம்பியும் நேற்றையைப் போலை இண்டைக்கும் காலமையே போன் எடுத்து, 'பின்னேரம் சண்டை இருக்கு அண்ணை, பஸ் தேவைப்படாது' எண்டு சொல்லிப்போட்டினம், நாளைக்கு என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறதெண்டுதான் இன்னும் முடிவாகேல்லையாம்."