பீரங்கியார் சுடாமல் விட்ட சண்டை

பீரங்கியாரைவிட அதிகக் குண்டு சுட்டவர் தென்னாட்டில் எவரும் இல்லை. எல்லாவற்றையும் வாயாலேயே சுட்டார்.

டூரிங் சினிமாவில் அவர் விளக்கக்காரர். ஊமைப்படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார். அனுமார் கடலைத் தாண்டினாலும் பீரங்கி வெடிக்கும். தமயந்தி அழுதாலும் வெடிக்கும். ராசிபுரத்தில் ஒருமுறை வண்டிமாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

"ஏனுங்க, நளன் காலத்துல பீரங்கி ஏதுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"இருந்துச்சு சாமி. கதை எழுதுனவருக்குக் காது மந்தம்."

பேசும் படம் வந்ததும் கீழே சமவெளியில் அவருக்கு வேலை போயிற்று. மின்சாரம் இல்லாத கொல்லிமலைதான் மிச்சம். இயந்திரத்தைத் தலைச்சுமையாக ஏற்றி, கார்பைட் விளக்கை வைத்து, கையால் சுற்றிப் படம் காட்டுவோம். நான் டிக்கெட் கிழித்தேன். மலையும் போனால் அவருக்குச் சோறில்லை. அது முதலாளிக்கும் தெரியும்.

வாசலூர்பட்டியில் ஒரு மாலை, கதைப்படத்துக்கு முன்னால் ஸ்பெயின் நாட்டுச் செய்திப்படம் ஒன்று. முன்னால் நாற்காலியில் ரெவின்யூ அதிகாரி. முதலாளி பீரங்கியாரைத் தனியே அழைத்தார்.

"அங்க உள்நாட்டுச் சண்டைய்யா. ஜெயிச்ச தளபதி வெச்சதுதான் இனிச் சட்டம். நம்ம வெள்ளக்கார கவர்மெண்டும் அவரை ஒத்துக்கிட்டாச்சு. அவரை உசத்திச் சொல்லு."

"நாலு குண்டு சேத்தியே போடறனுங்க."

திரையில் வீடுகள் இடிந்தன. பீரங்கியார் உற்சாகமாகச் சுட்டார், விசில் பறந்தது. பிறகு தோற்ற தரப்புச் சனங்கள் மூட்டைகளோடு எல்லையைத் தாண்ட மலைப்பாதையில் ஏறி வந்தார்கள். ஒருத்தி தையல் மிஷினைச் சுமந்து வந்தாள்.

தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அடுத்து, குதிரைமேல் தளபதி வந்தார். கூட்டம் உட்கார்ந்தது.

அதிகாரி படத்தை நிறுத்தச் சொன்னார். "யார் சொல்லிக்கொடுத்த வேலை இது?"

முன்வரிசையில் இருந்த மிளகுத் தோட்டக்காரர் பதில் சொன்னார். "யாரும் சொல்லலீங்க. சுமையோட மேடேறி வாரவங்களக் கண்டா எந்திரிச்சு எறக்கி வெக்கோணும். எங்க மலை வழக்கமுங்க. படந்தான்னு தெரியுமுங்க. ஆனா காலு கேக்கல."

"மறுபடி போடு" என்றார் அதிகாரி. பீரங்கியாரைப் பார்த்து, "தளபதிக்கும் எழுந்து நிற்கச் சொல்."

"சொல்லீருய்யா, லைசென்ஸ் போயிரும்" என்று முதலாளி காதில் கெஞ்சினார்.

வீடுகள் மறுபடி இடிந்தன. பீரங்கியார் சுடவில்லை. இயந்திரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. மலைப்பாதை வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "இந்தம்மா தையல்காரி போல இருக்குதுங்க. ஊடு போயிருச்சு. மிஷினை மட்டும் உடலீங்க."

கூட்டம் எழுந்தது. குதிரை வந்தது. பீரங்கியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவருகிட்ட எறக்கி வெக்கச் சுமை ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

விடிந்ததும் அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இறங்கும் வழியில், இரண்டாம் முறை ஏன் சுடவில்லை என்று கேட்டேன்.

"மொதல் தடவ அந்த ஊடுகள இடிச்சது நாந்தானோன்னு ஆயிருச்சு கண்ணு" என்றார்.

முதல் திருப்பம் வரை வழியனுப்பத்தான் போயிருந்தேன். பேசிக்கொண்டே அடிவாரம் வந்துவிட்டது. நான் திரும்பி ஏறவில்லை.