ரோஜாவுக்கு மூன்று கோட்

என் வாழ்க்கையில் மொத்தமே இரண்டு பெரிய முடிவுகள். முதலாவது கல்யாணம். அதை அப்பா எடுத்தார். இரண்டாவதை நானே எடுத்தேன். சமையலறைத் தொட்டியை ஒட்டியிருந்த மரமேடைமேல் ரோஜாப்பூ போட்ட வால்பேப்பரை ஒட்டினேன்.

ஒட்டி முடித்துத் தடவிப் பார்க்கும்போது மனைவி வந்தாள்.

"என்னங்க இது?"

"பூ."

"பாத்திரம் கழுவுற இடத்துலயா? தண்ணி பட்டா ஊறிடுமே."

"பூவுக்குத் தண்ணி நல்லதுதானே?"

"பேப்பர் பூவுக்கா? தண்ணி புகாம பூசறதெல்லாம் உங்களால ஆகாது. விடுங்க, பக்கத்து வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டுக்கறேன்."

ஆகாதாம்! உடனே கடைக்கு ஓடினேன். எண்ணெய் வார்னிஷ், வெள்ளைப் பசை, தண்ணீரில் கரைத்த நிறமில்லாத வார்னிஷ் என்று மூன்று டப்பா வாங்கிவந்தேன். நேரே மேடையில் பூச நான் என்ன முட்டாளா? மூன்று மரத்துண்டுகளில் மிச்ச வால்பேப்பரை ஒட்டி, துண்டுக்கொரு டப்பாவாக, காயவிட்டுக் காயவிட்டு மூன்று கோட் அடித்தேன். என் கல்யாணத்துக்கே நான் ஒரு கோட்தான் போட்டேன். அதுவும் இரவல்.

இரண்டு நாள் கழித்து, மூன்றின்மேலும் ஈரத்துணியைப் போட்டு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். எண்ணெய் வார்னிஷ் அடித்த ரோஜாவுக்கு மஞ்சள்காமாலை. பசை பூசியது பால்போல வெளுத்து, கன்னம் உப்பிக் கிடந்தது. மூன்றாவதில் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. ரோஜா அப்படியே இருந்தது!

"பார்த்தியா?"

மனைவி அந்த மரத்துண்டைத் திருப்பினாள். "ஓரத்துல ஊறியிருக்கே. அவ்வளவுதான். தச்சர்கிட்டயே சொல்லிடறேன்."

"சொன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, வெட்டிய விளிம்பில் இன்னும் இரண்டு கோட் ஏற்றினேன். மறுபடி ஈரத்துணி. ஒரு பொட்டுகூட ஊறவில்லை. அதன்பிறகுதான் மேடைமேல் கைவைத்தேன். முதுகு வளைந்தது, மீசையில் வார்னிஷ் ஒட்டியது. ஆனால் கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். தண்ணீர் தரைக்கு ஓடியது. மேடை சிரித்தது.

பெருமை தாங்காமல் தச்சரையே கூப்பிட்டுக் காட்டினேன்.

"பிரமாதம் சார்," என்றார் அவர். 

"உங்க வேலையைத் தட்டிப்பறிச்சுட்டேன்னு வருத்தமா?" என்றேன்.

"என் வேலையா? அம்மா என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லையே. 'எங்க வீட்டுக்காரர் கைவேலைக்காரர். அவர்கிட்ட உங்களால ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், தானா முடிச்சிடுவார்'னுதான் சொல்வாங்க."

தச்சர் போனதும் மனைவிமுன் போய் நின்றேன். "இத்தனை வருஷமா என்னை ஏமாத்தறியா? இனிமே உன் தந்திரம் இந்த ஆள்கிட்ட பலிக்காது!"

"ஐயோ, பலிக்கவே வேண்டாங்க," என்றாள் அவள், தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்தபடி. "நீங்க ரொம்பக் களைச்சுட்டீங்க. குளியலறைக் கதவு அடியில உளுத்துப்போயிருக்கு. அது நிஜமாவே கஷ்டமான வேலை. அதை மட்டும் தொட்டுடாதீங்க."

"யாரைப் பார்த்துக் கஷ்டம்ங்கற? அந்தத் திருப்புளியை எடு!" என்றேன்.