நான் வைத்த பெயர் ரிட்டன் அக்கா

இடுக்கி மாவட்டத்தில் தர்மம் செய்கிறவர்களை நடுங்க வைத்த ஒரே மனுஷி ரிட்டன் அக்காதான். வாங்குகிறவர்கள் கைகட்டி நிற்பதுதான் எங்கும் வழக்கம். இவர் முன்னால் கொடுக்கிற நாங்கள் கைகட்டி நின்றோம்.

சித்திரபுரத்தில் வீடு. தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் தூளிலிருந்து குச்சி பொறுக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். கை ஓய்வு பெற்றதே தவிர கண் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டுப் பாயசத்தில்கூடச் சொத்தை முந்திரியை நிமிஷத்தில் கண்டுபிடித்து இலையோரம் வைத்துவிடுவார். கணவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனிதர், வீட்டில் வாய் திறந்ததாக ஒரு சாட்சியும் கிடையாது. அக்கா எங்கே போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அறுபதை நெருங்கும்போது ஒரு பெண் குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்தார்கள். தத்து வேறு, இது வேறு. பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் குழந்தையை, அரசு அலுவலகம் ஒரு குடும்பத்தில் சில காலம் வளர விடும். அவ்வப்போது வந்து பார்க்கும். சரியில்லை என்றால் திரும்ப அழைத்துப் போய்விடும். ஆறு வயதுக் குழந்தை. பெயர் வேண்டாம், பாப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

நான் அப்போது மூணாறு மார்க்கெட்டில் குடைக்கடை வைத்திருந்தேன். கடைக்காரர்கள் சேர்ந்து, இப்படிப்பட்ட குழந்தைகள் வளரும் வீடுகளுக்கு உதவ ஒரு குழு நடத்தினோம். நான்தான் செயலாளர். உதவி என்றால் பெரும்பாலும் எங்கள் வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்வது. அதைப் பளபளக்கும் காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்துக் கொடுப்போம்.

முதல் கிறிஸ்துமஸ் பை போன மறுநாளே, முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். பின்னால் பையோடு கணவர். கடையில் நல்ல வியாபாரம். அக்கா ஒன்றொன்றாக எடுத்துக் குடைகளின் மேல் பரப்பினார். பட்டன் இல்லாத கவுன். ஜிப் இல்லாத ஸ்வெட்டர். கடைசியாக ஒரு ஜோடி செருப்பு.

"சார், இதுல ரெண்டும் எடது காலு. எங்க வீட்டுப் புள்ளைக்கு ஒண்ணு வலது காலு."

குடை வாங்க வந்தவர்கள் குடையை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த தடவை திரும்பி வந்தது பிஸ்கட். தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். என் பிள்ளைகளுக்கு க்ரீம் பிஸ்கட் பிடிக்காது என்று சொன்னேன். நான் வேறு பதில் சொல்லும்வரை நிற்கப்போகிறவர் மாதிரி நின்றார். கடைசியில் பிஸ்கட்டை வாங்கி உள்ளே வைத்தேன்.

அதற்கடுத்தது கேக். ஒரு பேக்கரியில் யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனது. வெள்ளிவிழாத் தம்பதியருக்கு வாழ்த்து என்று ரோஸ் க்ரீமில் எழுதியிருந்தது. பாப்பாவின் பிறந்தநாளுக்கு அதை அனுப்பி வைத்தேன். அத்தனை வளைவுள்ள ரோட்டில், நின்று நின்று வரும் பஸ்ஸில், மடியில் வைத்து அக்கா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு க்ரீம் பூகூட நசுங்கவில்லை. பாப்பாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கூட்டத்தில் அவருக்கு ரிட்டன் அக்கா என்று பெயர் வைத்தேன். உறுப்பினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்தே நாளில் மார்க்கெட், ஜீப் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அவருடைய உண்மைப் பெயர் எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

எங்கள் ஆண்டு விழா வந்தது. வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதரைத் தலைமைக்கு அழைத்திருந்தோம். பாப்பா மேடையேறி, தான் பட்ட கஷ்டத்தைச் சொன்னால் கூட்டம் உருகும் என்று திட்டம் போட்டவன் நான். மைக்கில் அவளைக் கூப்பிட்டேன். வந்தது அக்கா. என் கையிலிருந்த மைக்கை வாங்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஃபேக்டரி மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"புள்ள பாட்டு பாடச் சொன்னா பாடும். கஷ்டத்தச் சொல்லணும்னா மொதல்ல சாருங்க ஒவ்வொருத்தரா வந்து அவங்க வீட்டுக் கஷ்டத்தச் சொல்லட்டும். அப்பறம் அவ சொல்லுவா."

கூட்டம் சிரித்தது. தலைவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். என் மனைவி சிரித்ததையும் நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் செய்த முதல் வேலை, பாப்பாவை அனுப்பிய அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. குழந்தைக்கு வரும் உதவிகளையெல்லாம் இந்த அம்மாள் வீம்புக்காகத் திருப்பி அனுப்புகிறார், குழந்தையின் நலனுக்கு இது நல்லதல்ல, தகுந்த நடவடிக்கை வேண்டும் என்று நல்ல மலையாளத்தில் எழுதினேன். ஒரு பிழை கிடையாது. அந்தக் கடிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அது ஒன்றுதான். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாக டீ குடித்தேன். இதை எழுதும்போது அந்த டீதான் தொண்டையில் நிற்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்து, புகார் எழுதியவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். சித்திரபுரத்தில் அந்த வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அக்காவும் கணவரும் வெளியே வருவதற்கு முன்பே பாப்பா வந்துவிட்டாள். விடுமுறை நாள், ஆனால் காலில் ஷூ. தோளில் துணி திணித்த பை.

"நான் ரெடி" என்றாள்.

அதிகாரி எங்கே போக என்று கேட்டார். திருப்பிக் கொண்டுபோகத்தானே வந்திருக்கிறீர்கள் என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். இதற்கு முன்னால் இரண்டு வீடுகளில் அவளை வைத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் சரிவரவில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அக்கா பதறிப்போய் அதிகாரியிடம் சொன்னார். ஒரு மாதமாகவே இப்படித்தான், தினமும் காலையில் பையைக் கட்டி வைக்கிறாள், நான் தினமும் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்குகிறேன், ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றார்.

அதிகாரி பாப்பாவை அருகில் அழைத்து மெதுவாகக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்னார்களாம். உன் வீட்டு ஆன்ட்டி பெயர் ரிட்டன் அக்கா, அவர் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று.

யார் வைத்த பெயர் இது என்று அதிகாரி கேட்டார். நான் வீட்டுக் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது, முப்பது வருஷமாகப் பேசாத அந்த லைன்மேன் பேசினார்.

"இந்த சாருதான்."

எனக்கு அந்த மலையிலிருந்து உருண்டு, கீழே பள்ளிவாசல் என்ற ஊரில் போய் விழுந்துவிடலாம்போல் இருந்தது. அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் கோபமே இல்லாமல், "எனக்கு என்ன பேரு வேணா வைங்க சார். புள்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

ஏழு வயதுக் குழந்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பாப்பா, அந்தப் பெயரை வைத்தது நான், உன் ஆன்ட்டி எதையும் சும்மா திருப்பவில்லை, நாங்கள் கொடுத்த உடைந்ததையும் கெட்டுப்போனதையும்தான் திருப்பினார், உனக்கு நல்லது வேண்டும் என்றுதான் திருப்பினார் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அன்று இரண்டு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கினேன்.

அவள் யோசித்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவிடம் போய் வாயைத் திறந்து காட்டினாள்.

"எனக்கு முன்னாடி ரெண்டு பல்லு இல்லையே."

"வரும். வராட்டியும் பரவால்ல" என்றார் அக்கா.

பாப்பா ஷூவைக் கழற்றினாள்.

அதிகாரி அங்கேயே ஒரு தாளைக் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். சத்தமாகப் படியுங்கள் என்றார். பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்க, படித்தேன். குழந்தை அங்கேயே இருக்கலாம் என்று அலுவலகமும் சொல்லிவிட்டது. குழுவில் செயலாளர் பதவியை நானே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு குழு, எதையும் அனுப்புமுன் அந்தந்த வீட்டில் என்ன வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. அக்கா கேட்டது பாப்பாவின் அளவில் ஒரு மழைக்கோட்டு. போட்டோ வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் மார்க்கெட்டில் அவரைக் கண்டால் சந்து வழியாகப் போய்விடுவேன். சில மாதங்கள் இப்படி ஓடியது. ஒருநாள் அவரே கடைக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, டீச்சர் வேகமாகப் பேசும் மலையாளமும் பாதிதான் புரிகிறது, நீங்கள் ஒரு எட்டுப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். என்னிடம் ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

கணக்கில் கொஞ்சம் கவனம் வேண்டும் என்றார் டீச்சர். நீங்கள் குழந்தைக்கு யார் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பாப்பாவே சொல்லிவிட்டாள். அதுவரை அவள் அக்காவை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

நேரே சித்திரபுரம் போனேன். அக்கா கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். கணக்கு விஷயத்தை முதலில் சொன்னேன். பிறகு, "அக்கா, டீச்சர்கிட்ட என்னைய, 'எங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச சார்'னு சொன்னா" என்றேன்.

அக்கா மடித்த துணியையே திரும்ப உதறினார். "என்னன்னு சொன்னா?"

சொன்னேன்.

"சரியா கேக்கல சார்."

மறுபடியும் சொன்னேன். சாயங்காலம்வரை கேட்டிருந்தாலும் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.